பதினெட்டு அர்த்தங்களும் ஒரு கொசுறும்

தெருவில் ஒரு ஃபிரிட்ஜ் மிதந்து போயிற்று.

கதவில்லாத பழைய ஃபிரிட்ஜ்... அதன் பின்னாலேயே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு தார் வாழைக்காய், யாருடையதோ ஒற்றைச் செருப்பு. கொலம்பியாவின் பாரன்கியா நகரில் அரை மணி நேரம் வானம் கொட்டினால் போதும், தெருக்களெல்லாம் ஆறுகள். பஸ் நிற்கும், பள்ளிக்கூடம் நிற்கும், போலீஸ்காரரும் அவர் தேடுகிற ஆளும் ஒரே கூரையின் கீழ் ஒதுங்கி நின்று சேர்ந்து வானத்தைத் திட்டுவார்கள். தண்ணீர் வடிகிறவரை ஊரில் யாருக்கும் அவசரம் கிடையாது.

யோலிமாவுக்கு இருந்தது. மூன்று மணிக்கு ஒரு டாக்டர் வீட்டில் இரட்டைப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லித்தர வேண்டும். காலை ஆறு மணிக்குப் பெரியவர்களுக்கு வகுப்பு, எட்டிலிருந்து ஒன்றுவரை பள்ளிக்கூடம், மூன்றிலிருந்து ஆறுவரை வீடு வீடாக... குளிர்ந்த மலை ஊரான துன்ஹாவிலிருந்து இந்தக் கடலோர வெயிலுக்கு அவள் இறங்கி வந்து ஆறு வருஷம். ஆறு வருஷத்தில் அவள் உட்கார்ந்ததைப் பார்த்தவர்கள் குறைவு. முப்பத்துநாலு வயதில் ஒரு பெண்ணுக்கு என்னென்னவோ வரலாம். அவளுக்கு வந்தது களைப்பு.

ஒரு துணிக்கடையின் வாசலில் ஒதுங்கினாள். அங்கே நிறுத்தி வைத்திருந்த சிவப்பு சாட்டின் சுருளின்மேல் லேசாகத்தான் சாய்ந்தாள். மழையின் இரைச்சல்... ஈரக் காற்று... புதுத் துணியின் கஞ்சி வாசனை...

"ராணி... சாய்ஞ்சுக்கறதுல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா அது கார்னிவல் ராணியோட கவுனுக்குன்னு எடுத்து வெச்ச துணி. எச்சில் பட்டா அவ கோவிச்சுப்பா."

யோலிமா திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தாள்.

"நான் தூங்கலை!"

"நான் அப்படிச் சொல்லவே இல்லையே. கண்ணை மூடிக்கிட்டு மழையை ரசிச்சீங்க. குறட்டை மாதிரி கேட்டது இடியா இருக்கும்."

அவள் நிமிர்ந்து முறைத்தாள். முறைக்கத்தான் நிமிர்ந்தாள்... எதிரே இரண்டு கண்கள். காப்பிக்கொட்டை நிறம். கீழே கறுத்துப்போன வளையங்கள், சரியாகத் தூங்காத ஆளின் கண்கள். ஆனால் உள்ளே யாரோ விளக்கை ஏற்றிவிட்டு அணைக்க மறந்துபோன மாதிரி ஒரு வெளிச்சம். கழுத்தில் அளவு நாடா. நாற்பதுக்குச் சற்று முந்திய வயது. பெயர் தோபியாஸ் பரசா என்று கடைப் பலகையிலேயே எழுதியிருந்தது.

"முன்பின் தெரியாதவங்களை எங்க ஊர்ல ராணின்னு கூப்பிட மாட்டாங்க," என்றாள், விறைப்பாக.

"எங்க ஊர்ல கூப்பிடாம இருந்தா போணி ஆகாது. அதிருக்கட்டும்... உங்க பை அழுவுது."

குனிந்து பார்த்தாள். பையின் அடியிலிருந்து நீலமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. மை! நாற்பத்தொரு பேரின் தேர்வுத் தாள்கள்!

அவள் 'ஐயோ' என்பதற்குள் பை அவன் கைக்குப் போய்விட்டது. கடைக்குள் குறுக்கே கயிறு இருந்தது; ஜிகினாத் துணிகளைத் தொங்கவிடுகிற கயிறு. இரண்டே நிமிஷத்தில் தங்க ஜிகினாவுக்கும் வெள்ளி ஜிகினாவுக்கும் நடுவே நாற்பத்தொரு தாள்கள் கிளிப் மாட்டிக்கொண்டு ஆடின. ஒரு தாளின் முன்னால் அவன் நின்றான். அடுத்ததுக்குப் போனான். அதற்கடுத்தது...

"என்ன டீச்சர், எல்லாரும் ஒரே வார்த்தையைப் போட்டு எழுதியிருக்காங்க? மொத்த வகுப்பும் காப்பி அடிச்சிருச்சா?"

"அதுதான் பாடம். 'கெட்'னு இங்கிலீஷ்ல ஒரு வினைச்சொல். பட்டியல்ல அதுக்குப் பதினெட்டு அர்த்தம் கொடுத்திருக்கேன். அர்த்தத்துக்கு ஒரு வாக்கியம் எழுதணும்."

"பதினெட்டா!" சந்தையில் மலிவுச் சரக்கைக் கண்ட வியாபாரியின் பளபளப்பு அவன் முகத்தில். "எங்க, சொல்லுங்க."

"வாங்கறது... கிடைக்கறது... போய்ச் சேர்றது, புரிஞ்சுக்கறது, யாரையாவது போய்க் கூட்டிட்டு வர்றது, கல்யாணம் பண்ணிக்கறது..."

"எல்லாம் ஒரே சொல்லா? நமக்கு ஒவ்வொண்ணுக்கும் ஒரு வார்த்தை வேண்டியிருக்கு. பாருங்க, ஒரே துணி... மேஜையில விரிச்சா விரிப்பு, ஜன்னல்ல மாட்டினா திரை, இடுப்புல சுத்தினா பாவாடை. இந்த அமெரிக்காக்கார கிரிங்கோ நம்மளைவிட வியாபாரி. ஒரே ஒரு சுருளை வெச்சுக்கிட்டுப் பதினெட்டுப் பேர்ல விக்கறான்!"

"நனைஞ்சு போறதும் அதே சொல்தான். களைச்சுப் போறதும்."

அவன் அவளை மேலும் கீழும் பார்த்தான். சொட்டுகிற முடி, சேறு அப்பிய செருப்பு, கண்ணுக்கடியில் அவனுக்கு இருந்த அதே வளையங்கள்.

"அப்ப இப்பவே ரெண்டு அர்த்தத்தோடதான் நிக்கறீங்க."

யோலிமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேண்டாம் வேண்டாம் என்று உதட்டைக் கடித்தும் வந்துவிட்டது. கடைசியாக எப்போது சிரித்தோம் என்று வீட்டுக்குப் போய் யோசித்துப் பார்த்தாள். தேதி நினைவுக்கு வரவில்லை.

அடுத்த திங்கட்கிழமை காலை ஆறு மணி. செருப்புக் கடைக்கு மேலே இருந்த வகுப்பறையில் கடைசி பெஞ்சில் அவன் உட்கார்ந்திருந்தான். புது நோட்டு, வாரிய தலை, கழுத்தில் கழற்ற மறந்த அளவு நாடா.

யோலிமாவின் கையிலிருந்த சாக்பீஸ் உடைந்தது. 'ஒருவேளை எனக்காக...' என்று மனம் துள்ளப் பார்த்தது. அதைத் தட்டி உட்காரவைப்பதற்குள், முதல் நாள் வழக்கப்படி எல்லோரிடமும் கேட்கிற கேள்வியை அவனிடமும் கேட்டாள். எதற்காக இங்கிலீஷ்?

"அக்கா நியூ ஜெர்சியில இருக்கா. பேட்டர்சன்ங்கற ஊர். பன்னிரண்டு வருஷம் முன்னாடி என்னைக் கூப்பிட்டுக்க விசா மனு போட்டா. இப்பதான் நம்ம முறை வந்திருக்கு. டிசம்பர்ல பொகோட்டா தூதரகத்துல நேர்காணல். வர்றதுக்குள்ள இங்கிலீஷ் கத்துக்கோடா, இல்லேன்னா சாகற வரைக்கும் தட்டு கழுவணும்கறா."

"ரொம்ப நல்லது," என்றாள் யோலிமா. துள்ளப் பார்த்த மனம் நல்ல பிள்ளையாக உட்கார்ந்துகொண்டது.

அதில் புதுசு என்ன? நனைந்த அந்த நாற்பத்தொரு தாள்களிலும் அதுதானே இருந்தது. விசா கிடைக்கும், நல்ல வேலை கிடைக்கும், மயாமி போய்ச் சேருவேன், அம்மாவைக் கூட்டிக்கொள்வேன்... அந்த ஒரே வினைச்சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் வகுப்பு மொத்தமும் ஆசைப்பட்டது. அவள் பிழை திருத்திக் கொடுத்தாள். திருத்தத் திருத்த அவர்கள் போய்க்கொண்டேயிருந்தார்கள். வருஷக் கடைசியில் பனிக்கு முன்னால் நின்று எடுத்த படம் வரும். 'நன்றி டீச்சர்!' அவள் நன்றாகச் சொல்லிக்கொடுத்தால் ஆள் ஊரில் இருக்க மாட்டான். ஏற்றுமதி வியாபாரம்தான் இது, பள்ளிக்கூடம் இல்லை.

ஏழேகாலுக்கு வகுப்பு முடிந்து பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். பின்னால் காலடிச் சத்தம். தெருமுனை ஃபிளாஸ்க்காரரிடம் வாங்கிய கறுப்புக் காப்பி, இரண்டு சின்னக் கோப்பைகளில். ஒன்றை அவளிடம் நீட்டினான்.

"டீச்சர்... கொசுறு?"

"என்ன கொசுறு?"

"துணி எடுத்தா ஒரு விரக்கடை சேர்த்துக் கிழிச்சுக் கொடுப்போம். முட்டை வெச்ச சோள அரேப்பா அஞ்சு வாங்கினா ஒண்ணு மேல போடுவாங்க. நான் ஒரு மணி நேரம் பாடம் வாங்கியிருக்கேன். மேல என்ன?"

"வாத்தியார் தொழில்ல கொசுறு கிடையாது."

"அதான் வாங்கிட்டுப் போனவன் ஒருத்தனும் திரும்பி வர்றதில்ல."

விளையாட்டாகத்தான் சொன்னான். அவளுக்குச் சுருக்கென்றது. அன்று முழுக்கத் தைத்துக்கொண்டேயிருந்தது. மறுநாள் காப்பியை வாங்கிக்கொண்டு, பஸ் வரும் திசையைப் பார்த்தபடி சொன்னாள்:

"பட்டியல்ல இல்லாத அர்த்தம் ஒண்ணு. பழகிப் போறதுக்கும் அதே வார்த்தையைத்தான் சேர்த்துச் சொல்லணும்."

"எதுக்குப் பழகறது?"

"எதுக்கு வேணும்னாலும். வெயிலுக்கு... சத்தத்துக்கு... இந்த ஊருக்கு."

"ஆளுக்கு?"

நல்லவேளை, பஸ் வந்துவிட்டது.

அப்புறம் தினமும் ஒரு கொசுறு. ஒரு நாள் 'தப்பிச்சுப் போறது'. ஒரு நாள் 'சமாளிச்சுக்கறது'. ஒரு நாள் 'ஒருத்தரோட ஒத்துப்போறது'. வீட்டில் அகராதியைப் புரட்டி, நாளைக்கு எதைக் கொடுப்பது என்று அவள் தேடத் தொடங்கினாள். தேடும்போது கண் எரியவில்லை. அதுதான் ஆச்சரியம். ஒரு நாளின் பதினாறு மணி நேரத்தில் பஸ் நிறுத்தத்துக்கு நடக்கிற பத்து நிமிஷம் மட்டும் கால் வலிக்கவில்லை.

நவம்பர் தூறலில் ஒரு காலை. ஒரே குடை, இரண்டு பேர். குடையின் பெரும்பகுதி அவள் பக்கம்.

"எங்கிட்டக் கட்டில் கிடையாது தெரியுமா டீச்சர்?" என்றான் திடீரென்று.

"என்னது!"

"பயப்படாதீங்க. மடக்குக் கட்டில்தான் இருக்கு, துணிப் பட்டை போட்டது. நல்ல மரக்கட்டில் வாங்கலாம்னு எப்ப நினைச்சாலும், அதான் போகப்போறோமேன்னு விட்டுடுவேன். கடைக்குச் சாயம் அடிக்கலை, போகப்போறோமே. ஒரு பொண்ணு ரெண்டு வருஷம் காத்திருந்தா... போகப்போறவனை நம்பி எத்தனை நாளைக்கு இருப்பா? இப்ப அவளுக்கு மூணு பிள்ளைங்க. பன்னிரண்டு வருஷமா நான் வாசப்படியிலயே நிக்கறேன். கால் கடுக்குது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். கண்ணில் மட்டும் அந்த விளக்கு சற்றுத் தணிந்திருந்தது.

யோலிமாவின் தொண்டைவரை வார்த்தை வந்தது. அங்கேயே நின்றது. அவள் பிறந்த மலையில், மனசில் இருப்பதை வாய்விட்டுச் சொல்வது கம்பளியைக் கழற்றி எறிந்துவிட்டுக் குளிரில் நடப்பது மாதிரி. அது மட்டுமா? பன்னிரண்டு வருஷம் காத்திருந்து வந்த காகிதம். ஆறு வாரம் பழகியவள் அதன் குறுக்கே நின்று 'போகாதே' என்று சொல்வதற்கு யார்? கேட்டு, அவன் போய்விட்டால்... அந்த அவமானத்தோடு எந்தப் பஸ்ஸில் ஏறுவது? கேட்டு, அவன் நின்றுவிட்டு, பிறகு வருந்தினால்? அது இன்னும் மோசம்.

"குடையை உங்க பக்கம் பிடிங்க, நனையறீங்க," என்று மட்டும் சொன்னாள்.

டிசம்பர் வந்தது. மழை ஓய்ந்து, கடலிலிருந்து வறண்ட காற்று வீச ஆரம்பித்தது. பாவாடைகளையும் தொப்பிகளையும் பிடுங்கி விளையாடுகிற காற்று. வெள்ளிக்கிழமை அவனுக்குக் கடைசி வகுப்பு. பஸ் நிறுத்தத்தில் காப்பியைக் குடித்து முடித்துவிட்டுக் கோப்பையைக் கசக்கினான்.

"அப்ப... நான் கிளம்பறேன் டீச்சர். புதன்கிழமை மத்தியானம் பொகோட்டாவுக்குப் பஸ். அங்க விசாவைக் கொடுத்துட்டா ஜனவரியில அக்கா வீடு."

சொல்லிவிட்டு அவளையே பார்த்தான்.

அவள் தன் பையின் கைப்பிடியை இறுக்கிக்கொண்டாள். குரல் நடுங்கக் கூடாது. மரியாதையாக இருக்க வேண்டும்.

"ரொம்ப சந்தோஷம். உங்க உச்சரிப்பு நல்லா தேறியிருக்கு. கடவுள் துணையா நல்லபடியாப் போய்ச் சேருங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவன் தலையாட்டினான். திரும்பி ஒரு அடி வைத்தான். நின்று செருப்பைச் சரிசெய்தான். இன்னொரு அடி. லாட்டரிப் பலகையைப் படித்தான். மூன்றாவது அடி வைத்துவிட்டு, வானத்தில் ஏதோ இருக்கிறதுபோல அண்ணாந்து பார்த்தான். 'எவ்வளவு மெதுவாகப் போகிறான்! சீக்கிரம் போய்விட்டால் நானாவது அழுது முடிப்பேனே,' என்று நினைத்தாள் யோலிமா. பஸ் வந்தது. ஏறினாள். ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்க்கவில்லை. துன்ஹாக்காரர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை.

திங்கட்கிழமை காலையில் தொண்டை போய்விட்டது. ஒரு சத்தமும் வரவில்லை. பத்து நாள் வாயைத் திறக்கக் கூடாது என்றார் டாக்டர். ஆறு வருஷமாக ஓயாமல் கத்தின தொண்டை, வேலைநிறுத்தம் செய்கிறது என்றார். கடைசி பெஞ்சைப் பார்க்காமல் கரும்பலகையில் எழுதியே பாடம் நடத்தினாள்.

புதன்கிழமை பன்னிரண்டரைக்கு, பள்ளி ஆண்டு விழா உடைகளுக்குப் பொத்தான் வாங்கக் கிளம்பினாள். பொத்தான் பள்ளிக்கூட வாசலிலேயே கிடைக்கும். கால் மட்டும் ஏனோ துணிக்கடைத் தெருவுக்குப் போயிற்று.

தோபியாஸின் கடை சாத்தியிருந்தது. பக்கத்துப் பெட்டிக்கடையில் பொத்தான் விற்கிற தீக்னா, அவளைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்தாள். யோலிமாவைவிடப் பத்து வயது பெரியவள்; நாக்கு இன்னும் பெரியது.

"வாம்மா மலைநாட்டு மகாராணி! ஏன், இவனை முழுசா ஊரைவிட்டு அனுப்பியாச்சான்னு பார்த்துட்டுப் போகலாம்னு வந்தியா?"

யோலிமா தொண்டையைக் காட்டிக் கையை ஆட்டினாள்.

"குரல் போயிருச்சா? நல்லதாப் போச்சு, கேட்டுக்கோ. வெள்ளிக்கிழமை அவன் கிளம்பறேன்னு சொன்னானாமே... நீ கூப்பிடவே இல்லையாமே!"

யோலிமா புரியாமல் பார்த்தாள்.

"அடக் கடவுளே... உங்க ஊர்ல துணி எப்படி வாங்குவீங்க?"

யோலிமா விரலால் காட்டினாள்: விலை கேட்போம். சரி என்றால் வாங்குவோம். இல்லையென்றால் நன்றி சொல்லிவிட்டுப் போவோம்.

"நன்றி சொல்லிட்டுப் போவீங்களா!" தீக்னா தலையில் அடித்துக்கொண்டாள். "அடிப் பாவி! இந்தத் தெருவுல 'கிளம்பறேன்'னா கிளம்பறதா அர்த்தம்? பேரமே அங்கதான் ஆரம்பிக்குது! ஒரு அடி வைப்போம், ரெண்டு அடி வைப்போம், மூணாவது அடிக்குள்ள மத்தவங்க கூப்பிடணும். கூப்பிட்டா வேணும்னு அர்த்தம். கூப்பிடலேன்னா, உன் வியாபாரம் எனக்கு வேணாம்னு அர்த்தம். அவன் உனக்காக எத்தனை அடி நடந்தான் தெரியுமா? செருப்பைக் கட்டினானாம்... அவன் போட்டிருக்கற செருப்புல கட்டறதுக்கு என்ன இருக்கு? கயிறா, நாடாவா? நாலு நாளா சோறு இறங்கலை அவனுக்கு. நீயாவது திரும்பிப் போய்ச் சொல்லுடான்னேன். கூப்பிடாம திரும்பிப் போறவனுக்கு இந்தத் தெருவுல என்ன மரியாதை அக்கான்னு கேட்டுட்டுப் பெட்டியைக் கட்டிட்டான். இப்பதான், அஞ்சு நிமிஷம் ஆகலை, அந்த முனையைத் திரும்பி..."

யோலிமா ஓடத் தொடங்கியிருந்தாள்.

காற்று முகத்தில் அறைந்தது. தொப்பி விற்கிறவர்கள், மாம்பழத்தில் உப்புத் தூவுகிறவர்கள், தள்ளுவண்டிகள்... முனையைத் திரும்பியதும் தெரிந்தான். நூறு தலைகளுக்கு அப்பால், தோளில் தூக்கிய பழுப்புப் பெட்டி. அவன் நடையில் அவசரமில்லை. ஆனால் தூரம் கூடிக்கொண்டிருந்தது.

வாயைத் திறந்தாள். கூப்பிட்டாள். காற்றுதான் வந்தது. மறுபடி... நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, நரம்பு புடைக்க, முழு பலத்தோடு... காற்று. ஆறு வருஷம் ஊருக்கெல்லாம் கொடுத்த குரலில் தனக்கென்று ஒரு துளி மிஞ்சவில்லை. நடுத்தெருவில் நின்று அழுதாள்.

"என்னம்மா ஆச்சு?" என்றார் அவகாடோ வண்டிக்காரர்.

பின்னால் மூச்சிரைக்க வந்து சேர்ந்த தீக்னா பதில் சொல்ல நேரம் செலவழிக்கவில்லை. வண்டியில் 'அவகாடோ, அவகாடோ' என்று கத்திக்கொண்டிருந்த ஒலிபெருக்கியைப் பிடுங்கினாள்.

"தோபியாஸ் பரசா! டேய்! டீச்சர் கூப்பிடறாங்கடா! குரல் இல்ல, அதனால நான் சொல்றேன்!"

தெரு ஒரு கணம் விழித்தது. அப்புறம் புரிந்துகொண்டது. கூப்பிடுவது அந்தத் தெருவுக்குத் தொழிலாயிற்றே!

"தோபியாஸ்! கூப்பிடறாங்கப்பா!"

"வாய்யா, பேசி முடிக்கலாம்!"

"போனா கிடைக்காது, திரும்பு!"

மாம்பழக்காரி கத்தினாள், தொப்பிக்காரன் கத்தினான், மருந்துக்கடை வாசலில் நின்ற போலீஸ்காரர் விசில் ஊதினார். பழுப்புப் பெட்டி நின்றது. வெகுநேரம் திரும்பவில்லை. பிறகு மெல்ல... கூட்டம் விலகி வழிவிட... வந்து அவளெதிரே நின்றான். முகத்தில் சிரிப்பில்லை.

"கூப்பிட்டது தீக்னா அக்கா. அப்புறம் அவகாடோக்காரர். நீ கூப்பிட்ட மாதிரி தெரியலையே."

முதல்முறையாக 'நீ' என்றான்.

யோலிமா அவன் சட்டைக் காலரைப் பிடித்தாள். எல்லோரும் பார்க்கப் பார்க்க, கீழே இழுத்தாள். காதருகே, மூச்சிலிருந்து பிய்த்தெடுத்த மாதிரி ஒரே ஒரு சொல்...

"போகாதீங்க."

"என்ன சொன்னாங்க? என்ன சொன்னாங்க?" என்றது தெரு.

"பேசிட்டிருக்கோம். தள்ளி நில்லுங்க," என்றான் தோபியாஸ். அவன் குரலும் சரியாக இல்லை.

பெட்டியைக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்தான். பிறகு போனை எடுத்தான். மணி அடித்தது, நியூ ஜெர்சியில் சலவை இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே அக்கா நூபியாவின் குரல்.

"பஸ் ஏறிட்டியாடா?"

"ஏறலைக்கா."

"நேரமாகலை?"

"நான் வரலைக்கா."

இயந்திரங்கள் மட்டும் ஓடின.

"பன்னிரண்டு வருஷம்டா..." என்றாள் நூபியா கடைசியில். கோபமில்லை, சோர்ந்துபோன குரல். "யாரு அவ?"

"இங்கிலீஷ் டீச்சர்."

"இங்கிலீஷ் கத்துக்கோன்னு உன்னை விரட்டினதே நான்தானே! என்னைச் சொல்லணும்... குடு அவகிட்ட."

யோலிமா போனைக் காதில் வைத்தாள்.

"உன்னை எனக்குத் தெரியாதும்மா. இங்க இப்ப பனி கொட்டுது. ரெண்டாவது ரூமுக்கு நேத்துதான் கட்டில் வாங்கிப் போட்டேன். அவனுக்காக மனு போட்டேன்னு ஊரெல்லாம் சொன்னேன்... எனக்காகத்தான் போட்டேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தா பேச ஆள் வேணும்னு." மூக்கை உறிஞ்சினாள். "மத்தியானம் சாப்பிட மறந்துடுவான். பாத்துக்கோ. என்ன, ஒண்ணும் பேச மாட்டேங்கற? அழறியா?"

யோலிமா போனுக்கே தலையாட்டினாள். மறுமுனைக்குத் தெரிந்துவிட்டது போலும்.

"சரி... நானும்தான்," என்றது குரல். இணைப்பு அறுந்தது.

தெருவும் அடங்கியிருந்தது. காற்று யாருடைய தொப்பியையோ உருட்டிக்கொண்டு போயிற்று. எடுக்க யாரும் ஓடவில்லை. தோபியாஸ் அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"அக்காவைத் தனியா விட்டுட்டேன். அவளுக்கு நான் ஒரு காரணம் சொல்லியாகணும். போகாதேன்னு மட்டும் சொன்னா போதாது. ஏன்?"

பேரம் பேசுகிற குரல் இல்லை அது. நிஜமாகவே கேட்டான்.

யோலிமா அவன் பக்கத்தில், பெட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள். தெருவில், பட்டப்பகலில், ஒரு ஆணின் தோளோடு தோள் உரச! துன்ஹாவில் கேள்விப்பட்டால் ஜன்னலைச் சாத்துவார்கள். சாத்தட்டும்.

"எனக்கு எல்லாமே களைப்பா இருக்கு, தோபியாஸ்," என்றாள் காற்றுக் குரலில், ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கி. "பள்ளிக்கூடம்... பஸ்... சாக்பீஸ்... வர்றவங்களை எல்லாம் கத்துக்கொடுத்து அனுப்பி வைக்கறது... தூங்கி எழுந்தாலும் களைப்பு. உங்களோட இருக்கற நேரம் மட்டும்தான்... களைப்பா இல்ல. அதைக் காதல்னு சொல்லலாமான்னு எனக்குத் தெரியலை. நான் சொல்லிப் பழகினதில்ல. ஆனா அதுதான். அதேதான்."

தீக்னா ஒலிபெருக்கியைக் கீழே இறக்கிவிட்டாள்.

தோபியாஸ் யோலிமாவின் கையை எடுத்துத் தன் உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டான். மெல்லிய துணியைப் பிடிப்பதுபோல... கசங்காமல்.

"ரெண்டு மாசமா காலையில நாலரைக்கு எழுந்திருக்கேன்," என்றான். "பன்னிரண்டு வருஷமா எழுந்திருச்சதெல்லாம் எங்கயோ போகப்போறோம்னுதான். இந்த ரெண்டு மாசம் மட்டும்தான்... உங்கிட்ட வர்றதுக்காக எழுந்தேன்."